தூங்குதுன்னு ஒரு மனு

உட்காருங்க மேடம். அந்த மூட்டை மேலயே உட்காருங்க, உள்ள பனியன்தான், அமுங்கினா ஒண்ணும் ஆகாது. கீழ உட்கார்ந்தா சேலை பூரா நூலு ஒட்டிக்கும். நான் கையை நிறுத்தாம பேசறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, பொழுதோட கம்பெனி வண்டி வந்துரும், அதுக்குள்ள இந்தக் குவியலுக்குப் பிசிறு வெட்டி முடிக்கோணும். கழுத்துல, கைமடிப்புல, அடியில, தையல் முடியற எடத்துல எல்லாம் நூலு தொங்கும் பாருங்க, அதை ஒட்ட வெட்டோணும், துணியில படக்கூடாது. பட்டா அந்த பீஸ் நம்ம தலையில. கை இப்படி ஓடிட்டு இருந்தாத்தான் எனக்கு வாயும் ஓடும். கை சும்மா இருந்தா நாலு பேருக்கு முன்னால பேரு கேட்டாக்கூட எனக்குச் சொல்ல வராது.

மேடம்னு சொல்ல வேண்டாமா? சரிங்கக்கா.

கோயமுத்தூர்ல இருந்து வந்திருக்கீங்க, அந்தக் காசு ஆபீஸ்ல இருந்து. ஜெரினாக்கா சொன்னாங்க, கடைசி ஊட்டுல இருக்கறவங்க. சண்டை வந்த மனுன்னா ஆளு நேர்ல வந்து ரெண்டு பக்கமும் கேட்டுட்டுத்தான் ஓட்டெடுப்பை முடிப்பாங்களாமா. கலாமணி ஊட்டுக்குப் போயிட்டு வர்றீங்களா, இல்ல இங்கதான் மொதல்லயா? இங்கதானா. நல்லதுங்க. அங்க மொதல்ல போயிருந்தா காப்பியக் குடுத்து உங்களை மயக்கியிருப்பா. அவ காப்பி அப்படி இருக்கும்.

ஆமாங்க, மனுப் போட்டது நாந்தான். கலாமணி வேலை தூங்குது, எடுத்துடுங்கன்னு அதுல பேசறது என் குரல்தான். இன்னைக்குப் பொழுதோட ஓட்டு முடியுதுல்ல? எடுத்துருவாங்கல்ல?

மொதல்ல இருந்து சொல்றேனுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச சங்கதிதான், ஆனா வரிசையா ஒட்டி நிக்கற எங்க லைன் ஊட்டுக்கு அது எப்படி வந்து சேந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதில்ல.

போன வருசம் உங்க ஆபீஸ்காரங்க வந்து தண்ணித் தொட்டிகிட்ட எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வெச்சாங்க. ஊருக்கு நல்லது பண்ற வேலை எதாச்சும் ஒண்ணை எடுத்துக்கோங்க, அதைச் செஞ்சு படம் புடிச்சுப் போன்ல போடுங்க, நடக்குற வேலைக்கெல்லாம் வாராவாரம் காசு உழும்னாங்க. கையில புடிக்கற காசு இல்லை, போனுக்குள்ள இருக்கற காசு. மளிகைக் கடையில காட்டினாச் சாமான் தருவாங்க. ஒரு லைனுக்கு இத்தனை வேலைக்குத்தான் எடம். எந்த வேலையாச்சும் படம் போடாமக் கெடந்தா, அது தூங்குதுன்னு யாரு வேணும்னாலும் மனுப் போடலாம். எழுதத் தெரியாதவங்க பேசியே போடலாம். அப்புறமேட்டு எல்லாரும் ஓட்டுப் போடோணும். எடுத்துடுங்கன்னு நெறைய பேரு அமுக்கினா அந்த வேலை போயிரும், அந்த எடம் வேற ஒருத்தருக்கு. இதுக்குத் தலைவரு கெடையாது, ஆபீசரு கெடையாது, நீங்களே முடிவு பண்ணிக்கலாம்னாங்க. எங்களுக்கு அதே புதுசுங்க.

அப்புறம் அந்தச் செயினு. பிளாக்செயினுன்னு சொன்னாங்க. அதுல ஒருக்கா ஏறினது ஏறினதுதான், ஒருத்தரும் அழிக்க முடியாது, மாத்த முடியாதுன்னாங்க. உடனே கலாமணி எந்திரிச்சு, "அப்ப எங்க ஊட்டுக்காரரு இனிமே குடிக்கமாட்டேன்னு சொன்னதை அதுல ஏத்தி உடுங்க சார், நாளைக்கு இல்லைன்னுருவாரு" அப்படின்னா. கூட்டமே சிரிச்சுச்சு. அந்த சார் கூடச் சிரிச்சாரு. நான் முந்தானையை வாயில வெச்சுட்டு சிரிச்சேன். அப்ப எனக்கு அவளைப் புடிக்குமுங்க. பொய் சொல்ல மாட்டேன்.

எனக்குப் போன் இல்லை. எங்க ஊட்டுல ஒரு போன்தான், அது எங்க ஊட்டுக்காரருகிட்ட இருக்கும். என் பேருல பதிஞ்சாங்க, நம்பரு அதேதான். எல்லாரும் ஆளுக்கு ஒரு வேலை சொல்லிட்டு இருந்தாங்க. நான் பின்னால உட்கார்ந்திருந்தேன். கலாமணிதான் என்னைப் புடிச்சு இழுத்து நிறுத்தி, "இவ துணி வேலை செய்வா சார், கை அப்படி. வாய்தான் இல்லை" ன்னா.

அப்படித்தான் வந்துச்சு என் வேலை. கம்பெனியில வெட்டிப் போடற துண்டுத் துணி மூட்டை மூட்டையா வருமில்லீங்க, அதுல நல்ல மெதுவான காட்டன் துணியாப் பொறுக்கி, சுடுதண்ணியில அலசி, மடிச்சுத் தைச்சு, பொறந்த கொழந்தைக்குக் கட்டற துணியாப் பண்ணுவேன். கவர்மெண்டு ஆஸ்பத்திரி பிரசவ வார்டுக்குப் போகும். பழைய சேலையைக் கிழிச்சுச் சுத்தறவங்கதானே அங்க வர்றாங்க. நர்சம்மா ஒருத்தங்க, "எம்மா, நீ குடுத்துட்டுப் போன துணி காலைக்குள்ள தீந்துருச்சு" ன்னாங்க. போன்ல 'தேவகி துணி வேலை' ன்னு வரும். நான் அஞ்சாவது வரைக்குந்தான் படிச்சேன், ஆனா அதை மட்டும் எழுத்துக் கூட்டாமப் படிப்பேன். ரேசன் கார்டுல கூட என் பேரு அவரு பேருக்குக் கீழதானுங்க இருக்கும். இங்க என் பேரு மட்டும் தனியா இருந்துச்சு.

கத்திரி எங்க போச்சு... இந்தா.

அப்ப எனக்கு வயித்துல பாப்பா. மாசம் ஏற ஏற உட்கார்ந்து தைக்க முடியலை. அம்மா ஊடு கோபிப் பக்கம், வந்து கூட்டிட்டுப் போனாங்க. போறப்ப அவருகிட்ட சொன்னேன், "தைச்ச துணி ஒரு மூட்டை கட்டி வெச்சிருக்கேன், வாரத்துக்குக் கொஞ்சமா எடுத்துட்டுப் போய் ஆஸ்பத்திரியில குடுத்து, ஒரு படம் மட்டும் போட்டுருங்க, நான் வந்ததும் பாத்துக்கறேன்" ன்னு. சரின்னாரு. பாவம், சாயப்பட்டறை வேலை, கைகால் எல்லாம் கலர் ஏறி வருவாரு, மறந்துட்டாரு. ஆம்பளைக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமுங்களா?

பாப்பா பொறந்து நான் திரும்பி வந்தா, வேலை இல்லை. 'தேவகி துணி வேலை' யே இல்லை. போனைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாக்கறேன், எல்லார் பேரும் இருக்குது, என் பேரு இல்லை. மூட்டை கட்டி வெச்ச துணி கட்டின மாதிரியே மூலையில கெடக்குது.

அவருகிட்டக் கேட்டேன். "தூங்குதுன்னு மனுப் போட்டாங்க, எல்லாரும் ஓட்டுப் போட்டு எடுத்துட்டாங்க" ன்னாரு.

"யாருங்க மனுப் போட்டது?"

"வேற யாரு? உன்ர சிநேகிதி கலாமணிதான்."

"என்ன பேசினாளாமா? நான் கேக்கட்டுங்களா?"

"அதெல்லாம் அழிஞ்சு போச்சு."

"அழியாதுன்னு சொன்னாங்களே..."

"சும்மா சொல்றதுதான். நீ புள்ளையப் பாரு."

ஜெரினாக்காகிட்டக் கேட்டேன். தொட்டிகிட்ட எல்லாரும் போனோட வந்து உட்கார்ந்தாங்களாமா, அமுக்கத் தெரியாதவங்களுக்கெல்லாம் கலாமணியே போனை வாங்கி வாங்கி அமுக்கி உட்டாளாமா. இது பத்தாதுங்களாக்கா? ஒரு பொம்பளை வயித்தைத் தள்ளிட்டு அம்மா ஊட்டுக்குப் போயிருக்கா, வந்துருவான்னு தெரியாதா? அவளும் ரெண்டு பெத்தவதானே?

நான் போய்க் கேக்கலை. கேக்கத் தெரியாது எனக்கு. கொழாயடியில எதிர்ல வந்தா நான் கொடத்தை எடுத்துட்டு நவுந்துருவேன். ஒரு நாளு அவளே கையைப் புடிச்சு நிறுத்தினா. "என்ன கண்ணு, மூஞ்சியத் திருப்பிட்டே போறே? உங்க ஊட்டுலயே வேண்டாம்னா நானென்ன பண்றது?" ன்னா. பாருங்க நக்கலை! செய்யறதையும் செஞ்சுட்டு என் ஊட்டையே இழுக்கறா. அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன், எந்த ஓட்டுல என் பேரை எடுத்தாளோ அதே ஓட்டுல அவ பேரை எடுக்காம உடறதில்லைன்னு.

அவ வேலை என்னன்னு தெரியுமில்ல உங்களுக்கு? புள்ளைங்களைப் பாத்துக்கறது. ஸ்கூல் உட்டு வர்ற புள்ளைங்க, அம்மாமாருங்க கம்பெனியில இருந்து வர்ற வரைக்கும் ரோட்டுலதான் நிக்கும். இவ அதுங்களைத் தொட்டிகிட்ட உட்கார வெச்சு, அந்தக் காசுல வாங்கின கடலையைச் சுண்டலாப் பண்ணிக் குடுத்து, எழுத வெச்சு, மெரட்டி, பொழுது எறங்க அவங்கவங்க ஊட்டுல உட்டுருவா. தெனமும் படம் போடுவா. ஒரு நாளு தப்பாது. நானும் காத்துட்டே இருந்தேன், தப்பவே இல்லை.

அப்புறந்தான் பாப்பாவுக்கு ஒடம்பு முடியாமப் போச்சு.

ஒரு மத்தியானம் நெஞ்சு உள்ள போய்ப் போய் வருது கொழந்தைக்கு. மூச்சு உட முடியலை. அவரு வேலையில இருக்காரு, போன் அவருகிட்ட. நான் வாசல்ல நின்னு கத்தினேனுங்க, எனக்கே தெரியாம. ஓடி வந்தது அவதான். ஆட்டோ புடிச்சா, ஆஸ்பத்திரியில சண்டை போட்டு டாக்டரைக் கூட்டியாந்தா. நெஞ்சுச் சளி, நுரையீரல்ல ஏறிடுச்சுன்னாங்க. படுக்க வெச்சுட்டாங்க. அவ திரும்பறப்பத் தன் போனை எடுத்து என் கையில திணிச்சுட்டா. "அவசரம்னா உனக்கு யாரைக் கூப்பிட வழி இருக்குது? வெச்சுக்கோ" ன்னா.

வாங்கிட்டேன். என்ன பண்றது, கொழந்தை மூக்குல கொழாயை வெச்சிருக்காங்க, அப்ப மானம் பாக்க முடியுங்களா? ஆனா எனக்குத் தெரியும், இது எதுக்குன்னு. செஞ்ச பாவம் உறுத்துது, அதைக் கழுவிக்கப் பாக்கறா. ஒரு போனைக் குடுத்துட்டா என் வேலை திரும்ப வந்துருமா?

சும்மா சொல்லக்கூடாது, பாப்பாவைக் காப்பாத்திட்டாங்க. ஊட்டுக்கு வந்தும் கொஞ்ச நாளு போன் எங்கிட்டயே இருந்துச்சு, மறுக்கா மூச்சு வாங்கினா என்ன பண்றதுன்னு. அவளும் கேக்கலை. அப்ப ஒரு நாளு, பாப்பாவை மடியில போட்டுட்டு அந்தப் போனைப் பாக்கறேன். 'கலாமணி பிள்ளைகள் வேலை' க்குப் பக்கத்துல மஞ்சளா ஒரு புள்ளி. பல நாளாப் படம் இல்லை, தூங்குதான்னு கேக்குது.

அக்கா, எனக்கு அப்ப எப்படி இருந்துச்சு தெரியுங்களா? பசியோட இருக்கறவளுக்கு முன்னால எலையைப் போட்ட மாதிரி இருந்துச்சு.

என்னங்கக்கா அப்படிப் பாக்கறீங்க? போன் எங்கிட்ட இருந்தா அவ எப்படிப் படம் போடுவான்னா? வேற யாருகிட்டயாச்சும் வாங்கிப் போட்டிருக்கலாமில்ல? ஜெரினாக்காகிட்ட இருக்குது, முக்கு ஊட்டுல இருக்குது. சட்டம் சட்டந்தானுங்களே. படம் இல்லைன்னாத் தூங்குது. எனக்கும் அதைத்தானே சொன்னாங்க? புள்ளைங்க தெனமும் உட்காந்துதான் இருந்துச்சு, சுண்டலும் குடுத்துட்டுத்தான் இருந்தா, நான் பாத்தேன், இல்லைன்னு சொல்லலை. என் துணியுந்தான் மூட்டையில கட்டி இருந்துச்சு. யாராச்சும் பாத்தாங்களா?

போனைத் தொடைச்சுக் கொண்டு போய்க் குடுத்துட்டேன் அன்னைக்கே, புள்ளைங்க எல்லாம் ஊட்டுக்குப் போன பொறகு. அடுத்த நாளு அவரு நைட் சிப்ட்டு முடிச்சுட்டு வந்து படுத்ததும், தலகாணிக்கு அடியில இருந்த எங்க போனை மெதுவா உருவிட்டு, கக்கூசுக்குள்ள போயித் தாழ் போட்டுட்டுப் பேசினேன். மொதல்ல குரலே வரலை. வெறும் மூச்சுத்தான் பதிஞ்சுச்சு. அழிச்சுட்டு மறுக்காப் பேசினேன். அப்புறம் வந்துச்சு பாருங்க. "நான் தேவகி பேசறேன். கலாமணி வேலை தூங்குது. எடுத்துடுங்க." என் ஆயுசுல நான் இவ்வளவு சத்தமாப் பேசினதே இல்லை.

அது ஏறின மறுநாளே எல்லா ஊட்டுலயும் இதே பேச்சு. கலாமணி என்ர வாசலுக்கு வந்து நின்னா. திட்டுவான்னு பாத்தேன். "உனக்குப் பேச வருதா கண்ணு?" ன்னு கேட்டுட்டுப் போயிட்டா.

பேச வந்துருச்சுங்களே. அதுக்கப்புறம் நிறுத்தலையே நான். பாப்பாவை இடுப்புல வெச்சுட்டு ஒவ்வொரு ஊடாப் போனேன். ஜெரினாக்காகிட்ட, அவ வேலை போனா நம்ம வேலைக்கு வர்ற காசு கூடும்னு சொன்னேன். முக்கு ஊட்டு அம்மாவுக்கு, அவங்க பையனை ஒருக்கா கலாமணி திருட்டுப்பயன்னு வைஞ்சதை ஞாபகப்படுத்தினேன். அவங்களே மறந்துட்டாங்க, நான் மறக்கலை. புதுசாக் குடி வந்திருக்கற புள்ளைகிட்ட, போன் குடுத்தீங்கன்னா எதை அமுக்கறதுன்னு நானே காட்டித் தர்றேன்னேன். எல்லாம் மெதுவா, தலையைக் குனிஞ்சுட்டே. வாயில்லாதவன்னு நெனைச்சதால யாரும் என்னைச் சந்தேகப்படலை. வாயில்லாதவ சொன்னா உண்மையாத்தான் இருக்கும்னு நம்பறாங்கக்கா. இது எனக்கு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சு.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். போனை எடுத்து அவ தேய்ச்சுத் தேய்ச்சுப் பாக்கோணும். எல்லார் பேரும் இருந்து அவ பேரு மட்டும் இல்லாம இருக்கோணும். அப்ப அந்த மூஞ்சியை நான் பாக்கோணும்.

புள்ளைங்களா? அவங்கவங்க அம்மா பாத்துக்குவாங்க. லாரி போற ரோடுதான், ஆமா. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? துணி இல்லாமப் பொறந்த கொழந்தைகளுக்கு யாரு என்ன பண்ணினாங்க?

என் எடம் இப்ப யாருகிட்டன்னா கேக்கறீங்க? அது எங்க ஊட்டுலதானுங்க இருக்குது. நல்லவேளை, வெளியில போகலை. எடம் காலியானதும் அவரும் அவரு சிநேகிதக்காரங்களும் மரக்கன்னு வேலைன்னு ஒண்ணைப் போட்டுட்டாங்க. ரோட்டோரம் வேப்பங்கன்னு நட்டாங்க. ஒரு கன்னுதான். தண்ணி ஊத்த நேரமில்லை, பட்டுப்போச்சு. இருந்தாலும் படம் போடோணுமில்ல, அதுக்கு நான் கோயில் வேம்புல ஒரு கொம்பு ஒடிச்சாந்து குச்சியோட சேத்துக் கட்டி உட்டுருவேன், அவரு படம் எடுப்பாரு. ஒருக்கா இந்தப் பக்கம் இருந்து, ஒருக்கா அந்தப் பக்கம் இருந்து. கொம்பு வாடினா வேற கொம்பு. மஞ்சப் புள்ளி வந்ததே இல்லை. காசு அவங்க பிரிச்சுக்குவாங்க. ஊட்டுக்கு எதாச்சும் வாங்கிட்டு வருவாரு எப்பவாச்சும்.

ஏங்கக்கா எழுதறதை நிறுத்திட்டீங்க?

என் மனுவா? எந்த மனு? என் வேலையை எடுக்கச் சொல்லிப் போட்டதா? அது இருக்குதுங்களா உங்க போன்ல? அழியலையா?

கேக்கலாமா? நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லையே. இருங்க, கொஞ்சம் சத்தத்தைக் கொறைச்சுட்டுப் போடுங்க, உள்ள அவரு தூங்கறாரு. அவ எப்படிப் பேசியிருக்கான்னு பாக்கலாம். நல்லாத் தேனொழுகப் பேசியிருப்பா. போடுங்க.

...

இது அவ குரல் இல்லைங்களே.

நம்பரை மாத்தி அமுக்கிட்டீங்களோ? என் மனுதானா? இன்னொருக்காப் போடுங்கக்கா.

"தேவகி ஊட்டுல இருந்து பேசறேன். அவ இனிமே இதைச் செய்ய மாட்டா. ஊட்டு வேலையே அவளுக்குப் போதும். எடுத்துடுங்க. அந்த எடத்துல நாங்க மரக்கன்னு வேலை போட்டுக்கறோம்." பின்னால ஒருத்தன் சிரிக்கறான் பாருங்க, அது அவரு கூட்டாளி. நல்லாத் தெரியுது.

இல்லைங்கக்கா, அவ சொல்லிக் குடுத்திருப்பா. அவருக்கு இப்படியெல்லாம் பேசத் தெரியாது. 'ஊட்டு வேலையே போதும்' ங்கறது... அது எல்லாரும் சொல்றதுதானுங்களே. அவரும் சொல்லுவாரு. தெனமும் சொல்லுவாரு.

தேதி இருக்குதுங்களா அதுல? காட்டுங்க.

அது பாப்பா பொறந்த நாளுங்கக்கா.

அன்னைக்கு அவரு வரலை. சிப்ட்டு இருக்குது, நாளைக்கு வர்றேன்னு அம்மாகிட்டப் போன்ல சொன்னாரு. நான் அங்க கத்திட்டுக் கெடந்தேன். கொழந்தையைச் சுத்தறதுக்கு ஒரு நல்ல துணி இல்லைன்னு அம்மா அவங்க சேலையைக் கிழிச்சாங்க. நான் தைச்ச துணி ஒரு மூட்டை இங்க ஊட்டுக்குள்ள கெடக்குது. அந்த மூட்டைக்குப் பக்கத்துல உட்கார்ந்துதான் பேசியிருப்பாரு, இல்லீங்களா? கூட்டாளியை வெச்சுட்டு. சிரிச்சுட்டு.

அப்ப எல்லாரும் கேட்டிருக்காங்க இதை. தொட்டிகிட்ட உட்கார்ந்து எல்லாரும் அவரு குரலைக் கேட்டிருக்காங்க. கேட்டுட்டு, எனக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நெனைச்சிருக்காங்க. கட்டினவனே வேண்டாங்கறான், நமக்கென்னன்னு அமுக்கியிருக்காங்க. 'உங்க ஊட்டுலயே வேண்டாம்னா' ன்னாளே, அது...

கலாமணி ஓட்டு எதுக்குன்னு பாருங்க. எடுக்கச் சொல்லித்தானே? பாத்தீங்களா! அவளும் அமுக்கித்தான் இருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? கோபிக்கு ஒரு போன் போட்டிருக்கலாமில்ல? அது ஆறாதுங்க எனக்கு. அதை நான் வெச்சிருப்பேன்.

அதோ அந்த நம்பரு... அது எங்க நம்பருங்களே. எடுத்துடுங்கன்னு எங்க நம்பருமா அமுக்கியிருக்குது? அப்ப அது என் ஓட்டுங்களா? என் பேருலதானே பதிஞ்சீங்க? என் வேலையை எடுக்கச் சொல்லி நானே ஓட்டுப் போட்ட மாதிரி செயின்ல ஏறிடுச்சா? எந்தக் காலத்துக்கும் அழியாதா?

தண்ணியெல்லாம் வேண்டாமுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். அந்த பீஸை இப்படித் தள்ளுங்க, கை சும்மா இருக்க முடியலை.

கலாமணி மேல போட்ட மனுவைத் திரும்ப வாங்கிக்கலாமா நான்? பொழுது எறங்கறதுக்குள்ளயா? வாங்கிக்கறேன். புள்ளைங்க ரோட்டுல நிக்க வேண்டாம். ஆனா இப்ப இல்லீங்கக்கா, முடியறதுக்குக் கொஞ்சம் முன்னால வாங்கிக்கறேன். அதுவரைக்கும் அவ பதறிட்டுக் கெடக்கட்டும். என்னைக் கேக்காம அமுக்கினாளே, அதுக்கு அது போதும். நீங்க அவ ஊட்டுக்குப் போனீங்கன்னா வாயைத் தொறக்காதீங்க. காப்பியைக் குடிச்சுட்டு வந்துருங்க.

எனக்கு வேற ஒண்ணு சொல்லுங்க. படம் இல்லாத வேலைக்குத்தான் மனுவா? படம் இருந்து, வேலை செத்துப் போயிருந்தா? அதுக்கும் போடலாமா? யாராச்சும் பாத்ததைச் சொல்லோணுமா? பாத்தவ நாந்தானுங்களே. கொம்பு ஒடிச்சவளும் நாந்தான், கட்டி உட்டவளும் நாந்தான். எந்த நாளு எந்தக் கொம்புன்னு கேட்டாக்கூடச் சொல்லுவேன். குச்சியைப் புடுங்கிக் கையில குடுக்கறேன், எடுத்துட்டுப் போயி உங்க ஆபீஸ்ல காட்டுங்க.

போன் என்னத்துக்கு உங்களுது? வேண்டாமுங்க. எங்களுதே இருக்குது, இந்தா, இந்தப் பனியனுக்கு அடியில. காலையிலயே உருவிட்டேன், உங்களுக்கு எதாச்சும் காட்டோணுமோன்னு. எந்தப் போன்ல அவரு பேசினாரோ அதுலயே நானும் பேசறேன். இதுலதானே அமுக்கோணும்? குரல் பதியற செவப்புப் புள்ளி வந்துருச்சுங்களா? பேசலாமா?

"தேவகீ! ஏய்! எம்போனை யாரு எடுத்தது?"

எந்திரிச்சிட்டாரு. நீங்க எந்திரிக்காதீங்கக்கா, உட்காருங்க. இதா வந்துட்டேனுங்க, கொஞ்சம் இருங்க!

நான் தேவகி பேசறேனுங்க. தூங்குற வேலை ஒண்ணு இருக்குதுங்க. இது கலாமணியக்கா வேலை இல்லைங்க. இது தூங்கலைங்க, இது செத்தே போயிருச்சு. ரோட்டோரத்து மரக்கன்னு வேலைங்க. அது யாரு வேலைன்னாங்க, எங்க ஊட்டுக்காரரு...